பனிக்குள் பேர் கூப்பிட்டவர்கள்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் டச்சுக்காரன் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, இங்கே ஏதாவது நடமாட்டம் உண்டா என்று கேட்பார்கள். கொசு நடமாட்டம்தான் என்பேன். நீங்கள் ஊர்ச் சரித்திரம் எழுத வந்தவர், நான் சொல்லப்போவதை எழுதுவீர்களோ, அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பீர்களோ, அது உங்கள் பாடு. டச்சுக்காரன் இங்கிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை, ஆட்களையும் பிடித்துக் கப்பலில் ஏற்றினான் என்று சற்று முன்னால் சொன்னீர்களே, அதைக் கேட்டதும்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் படகுக்காரர்கள் சொல்லும் கதையில் கோட்டை வரும், துணி வரும், மிளகு வரும். ஆட்களை ஏற்றிய சங்கதியை இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

நாங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலை, படகு எதுவும் கிடையாது. தண்ணீரில் கழுத்துவரை குந்திக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி நகர்வோம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று, அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அதனால் ஏரியில் இருக்கும்வரை எங்கள் பெண்கள் பேசுவதில்லை, யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்க வாய் இருக்காது.

என் தங்கை கன்னியம்மாவுக்கு மட்டும் இது ஆகாது. அம்மா செத்தபோது அவளுக்கு நான்கு வயது. அப்புறம் அவளுக்கு எல்லாமும் நான்தான், செல்லம் கொடுத்துக் கெடுத்தவளும் நான்தான். பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவாள். திட்டினால், "நான் இன்னா மாடாக்கா, கயித்தக் கவ்விக்கினு கெடக்க?" என்பாள்.

அது ஒரு மார்கழிக் காலை, விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பனி மட்டும் போகவில்லை. கோட்டை மேட்டுப் பக்கம் நானும் அவளும் மட்டும் இறங்கியிருந்தோம். இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கன்னியம்மா அதிசயமாகப் பேச்சை நிறுத்திவிட்டாள். என்னவென்று தலையைத் தூக்கினேன்.

எங்களுக்குப் பத்தடி தள்ளி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில், ஒருவர் பின்னால் ஒருவராக, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்து. ஆண்கள், பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. நம்பினால் நம்புங்கள், அத்தனை பேர் நடந்தும் தண்ணீரில் ஒரு சத்தம் இல்லை. ஒருவர் கையிலும் ஒரு சாமான் இல்லை. எங்கள் சனம் பக்கத்து ஊருக்குப் போனால்கூட ஒரு தூக்குச் சட்டியாவது எடுத்துக்கொண்டு போகும், இவர்கள் வெறுங்கையோடு எங்கே போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பயம் வரவேயில்லை. உடம்பெல்லாம் வெதுவெதுவென்று, கண்ணைச் சொக்கிக்கொண்டு, நாமும் எழுந்து அந்த வரிசையில் சேர்ந்துகொண்டால் சுகமாக இருக்கும் போலிருந்தது. இதை வெளியே சொல்லவே எனக்கு வெட்கம்.

முன்னால் எங்கேயோ பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் புரியாத பாஷையில் ஏதோ முனகுவான், அடுத்து நம்ம ஆள் ஒருவன் பேரைத் தெளிவாகச் சொல்வான். வரிசையிலிருந்து "இருக்கேன்" என்று ஒரு குரல் வரும். அந்த ஆள் பனிக்குள் போய்விடுவார். மறுபடி ஒரு முனகல், ஒரு பேர், ஒரு "இருக்கேன்".

பிறகு "கன்னியம்மா" என்றான்.

என் தங்கை எழுந்து நின்றாள். அவள் முகத்தில் தூக்கக் கலக்கம் மாதிரி ஒரு சிரிப்பு. அவள் வாய் திறப்பதைப் பார்த்தேன். கத்தலாமென்றால் என் வாயில் கயிறு, பல் கிட்டிப் போய்விட்டது, திறக்கவே வரவில்லை. அப்படியே பாய்ந்து சேற்றுக் கையால் அவள் வாயைப் பொத்தினேன். திமிறினாள், கையைக் கடித்தாள், நான் விடவில்லை.

"கன்னியம்மா" என்று மறுபடி கூப்பிட்டான். வரிசை அசையாமல் நின்றது.

மூன்றாம் தடவை கோபமாகக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் பொறுத்து, அந்த வரிசையிலிருந்து, "இருக்கேன்" என்று அழுதுகொண்டே ஒரு குரல் வந்தது. வரிசை நகர்ந்தது. வெயில் எப்போது வந்தது, பனி எப்போது கலைந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் ஏரி காலியாகக் கிடந்தது, தூரத்தில் இரண்டு நாரை.

கன்னியம்மா சேற்றைத் துப்பிவிட்டு என்னை முறைத்தாள். "இன்னாத்துக்குக்கா வாய மூடுன? யாரோ என்னியதான கூப்ட்டாங்கோ." அவளுக்கும் கேட்டிருக்கிறது. இப்போது போய்க் கேளுங்கள், அதெல்லாம் வெறும் பனி என்று பேச்சை மாற்றிவிடுவாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

கன்னியம்மா என்பது எங்கள் சனத்தில் தெருவுக்கு நான்கு பேர் வைத்துக்கொள்கிற பேர். எங்கள் குலதெய்வத்தின் பேர், எந்தக் காலத்திலும் இருந்திருக்கும். அவன் கூப்பிட்டது என் தங்கையை இல்லை, அந்த வரிசையில் இருந்த ஒருத்தியை என்று இப்போது நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குப் புரிகிறது. அப்படியானால் மூன்று தடவை கூப்பிடும்வரை அவள் ஏன் பேசாமல் இருந்தாள்? இந்தப் பக்கம் இன்னொரு கன்னியம்மா நிற்பதைப் பார்த்துவிட்டாளா? இவள் குரல் கொடுத்துவிடுவாள், நாம் தப்பித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாளா? நான் என் தங்கையின் வாயைப் பொத்தினேன், இன்றைக்கு என்றாலும் பொத்துவேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அழுத அந்தக் குரலுக்குப் பத்து வயதுகூட இருக்காது.