முப்பத்தோரு பெண்களை விட்டுக்கொடுத்தவன்

மைக்கின் முன் நின்றதும் அவன் முதல் வேலையாக இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொள்வான். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "தியாக வசனம்லாம் வயித்துலேருந்து வரணும். தொண்டையிலேருந்து வந்தா அது சளி."

இந்திப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவன் தொழில். இரண்டு நண்பர்கள், ஒரு பெண் என்று கதை வந்துவிட்டால், காதலியை நண்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ரயிலேறிப் போகிறவனின் குரல் இவனுடையதுதான். பதினைந்து வருடத்தில் முப்பத்தோரு பெண்களை இப்படி விட்டுக்கொடுத்திருக்கிறான். ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்கும் இவன் பெயர் ஞாபகமில்லை. 'தியாகி' என்றால்தான் தெரியும். பெற்ற தாயே ஒருமுறை போன் செய்து, "தியாகி இருக்கானாப்பா?" என்றுதான் கேட்டாள்.

தொழில் உடம்பில் ஊறிவிட்டது. லிஃப்டில் ஆள் அதிகமானால் யாரும் சொல்லாமலே இறங்கி ஐந்து மாடி ஏறுவான். கேரம் ஆடினால் சிவப்புக் காயை எதிராளிக்கு வாகாகத் தள்ளி வைப்பான். தட்டில் மிஞ்சிய கடைசி பிஸ்கட்டை, "நீ சாப்பிடு. நீ சந்தோஷமா இருந்தா எனக்கு அது போதும்," என்று நீட்டும்போது கண்கூடக் கலங்கும். வாங்கித் தின்றவனுக்கு அது தொண்டையில் இறங்காது.

படத்தில் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு போகிறவனுக்குக் குரல் கொடுப்பவன், நிஜத்திலும் இவனுடைய பள்ளித் தோழன். 'ஹீரோ' என்று கூப்பிடுவார்கள். குரலில் சிங்கம், வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பான். போன வாரம் அவன், "டேய், நம்ம வசனக்காரிகிட்ட மனசுல இருக்கறதைச் சொல்லிடலாம்னு இருக்கேன்டா. இந்தப் படம் முடியற அன்னிக்கே," என்றான்.

உதட்டசைவுக்குப் பொருத்தமாகத் தமிழ் எழுதித் தரும் அந்தப் பெண்ணை நான்கு வருடமாக இவனும்தான் மனதில் வைத்திருக்கிறான். அதைச் சொன்னானா? "சொல்லுடா. அவங்களுக்கு நீதான் பொருத்தம்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்க தோஷம். வீட்டுக்குப் போன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அழுதான், வயிற்றிலிருந்தே.

அந்த நாளும் வந்தது. மிச்சம் ஒரே ஒரு வசனம்: "அவளை நல்லபடியா பாத்துக்கோடா." ஹீரோ தன் பங்கை முன்பே பேசி முடித்து, படிய வாரிய தலையோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வசனக்காரி. தியாகி எட்டுத் தடவை பேசினான்; எட்டும் சொதப்பல். "திரையில வாய் மூணு தடவை மூடுதுண்ணே, உங்க பேச்சுல ரெண்டுதான்!" என்று ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்பதாவது தடவை திரையில் விட்டுக்கொடுக்கிற நண்பன் வாயைத் திறந்தான். இவன் வாயிலிருந்து வந்ததோ, "முடியாதுடா! அவளை விட மாட்டேன். போடா!"

ஒலிப்பதிவாளர் ஒன்றும் புரியாமல் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார். மூன்று இடத்திலும் உதடு நூல் பிடித்தாற்போல் பொருந்தியது. அடுத்த நொடியே, காலையில் பதிவாகியிருந்த ஹீரோவின் குரல் தழுதழுத்தது: "நீ மனுசனே இல்லடா, தெய்வம்!"

"ஐயோ, கதையே கவுந்துடும்ணே! பேப்பர்ல இருக்கறதைப் பேசுங்க," என்றார் ஒலிப்பதிவாளர்.

வசனக்காரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. சோபாவிலிருந்தே எட்டி, கண்ணாடிக்கு உள்ளே இருப்பவனிடம் பேசும் பொத்தானை அழுத்தி, "நான் எழுதினதைவிட இதுதான் உதட்டுல உக்காருது. இவ்வளவு நல்லா வருதே, இத்தனை வருஷமா இதை எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

தியாகி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தான். சோபாவில் ஹீரோவுக்கும் அவளுக்கும் நடுவே அவளுடைய கைப்பை இருந்தது.

"இங்க இடமில்லடா," என்றான் ஹீரோ.

அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அரை ஆள் உட்காரக்கூடிய இடம். தியாகி அதில் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஹீரோ முழங்கையால் இடிக்க இடிக்க, இம்மியும் நகரவில்லை.