பாக்குத் தோப்புக்குள் நிழலில்லாத ஒரு மலை

கோவைக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. போத்தனூரில் விடுதி அறை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வண்டியேறிவிடுவார்கள். நான் செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நிற்பேன். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றாலயத்தில் பழைய முறைப்படி திருவோவியம் வரைகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் வரலாமா என்று கேட்கத்தான் ஜனவரியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

காந்திபுரம் போய் மேட்டுப்பாளையம் பஸ் பிடித்தேன். ஒன்றரை மணி நேரம். கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட முந்நூறு ரூபாய்.

"ஏனுங்க அம்மணி, ஒத்தையாவா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாங்க."

"அங்க படத்துல எதுக்குமே நெழலு இல்லீங்க. மலைக்கும் இல்ல, மரத்துக்கும் இல்ல. வரைய மறந்துபோட்டாங்களோ என்னமோ!"

ஆலயம் பாக்குத் தோப்புக்குள் ஓட்டுக் கூரையோடு நிற்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம், உள்ளே யாருமில்லை. சுவரில் சாய்த்திருந்த ஆளுயரப் பலகையில் படைப்பின் ஓவியம்: மேலே வானம், நடுவே மலைகள், கீழே மண்ணிலிருந்து எழும் ஆதாம். எங்கள் வீட்டில் இயேசு படத்தைக் கடந்தால் விரலால் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்து முத்தமிடுவோம். அதே பழக்கத்தில் கை படத்துக்கும், அங்கிருந்து உதட்டுக்கும் போய்விட்டது. மலையில் என் விரல்தடம் பதிந்தது.

"ஐயோ, ஈரமுங்க!" தண்ணீர்க் குவளையோடு வந்த, அந்தப் படத்தை வரையும் ஜெசி அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மலைய உதட்டுல ஒட்டிட்டு நிக்கறீங்களே கண்ணு!"

வால்பாறையில் பிறந்து கேரளத்தில் ஓவியம் கற்றவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "இருட்டு நெறத்த மொதல்ல பூசிட்டு, மேல மேல வெளிச்சம் வெப்போமுங்க. உங்க வெரலு அடியில போயிரும்" என்றார்.

நிழலைப் பற்றி மட்டும் எப்படியோ கேட்டுவிட்டேன். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் வந்தால்தானே நிழல் விழும், இங்கே பரலோகத்தின் ஒளி எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது என்றார். மலைகள் குனிந்திருப்பது படைத்தவரை வணங்குவதாம். படத்திலுள்ள பாதை தூரத்தில் குறுகாமல், நம்மை நோக்கிக் குறுகி வருகிறது. பார்க்கிறவர்களை உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் அப்படியாம். பலகை மரம், பூச்சு சுண்ணம், நிறமெல்லாம் அரைத்த மண். அதைப் பிடித்துவைப்பது முட்டையின் மஞ்சள் கரு.

வானத்துக்குத் தங்கத் தாள். அது நேரே பலகையில் ஒட்டாது. முதலில் செங்களிமண் பூசி, காயவிட்டு மெருகேற்றுகிறார்கள். ஜெசி அக்கா குனிந்து அந்த மண்ணின் மேல் வாய் திறந்து மெதுவாக ஊதினார். மூச்சின் ஈரம் படிந்த இடத்தில் தாளை வைத்ததும் தங்கம் பிடித்துக்கொண்டது. தாள் பறந்துவிடுமோ என்று நான் மூச்சடக்கி நின்றேன்.

"அடக்கி வெச்சா ஒட்டாதுங்க. மண்ணுல மூச்ச ஊதித்தானே நம்மளையே செஞ்சாரு?"

பரலோகத்துக்கு அடியில் செம்மண். என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் கொத்திய அதே நிறம். அதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கேட்க வந்ததையும் கேட்கவில்லை. "வாரேனுங்க" என்று வெளியே வந்துவிட்டேன்.

"போலாங்களா?" ஆட்டோ உறுமியது. உதட்டைத் துடைத்தேன். கைக்குட்டையில் பச்சை.

"ஒரு நிமிசமுங்க."

திரும்பிப் போய், வாசலிலேயே நின்று, ஒரே மூச்சில் கேட்டேன். ஜெசி அக்கா நிமிரவில்லை. தங்கத் தாள் கையில் இருந்தது. "அடுத்த ஞாயிறு ஒம்பது மணிக்கு வந்துருங்க. முட்ட ஒடைக்கற வேல உங்களுக்கு."

போகிறவர்களுக்கு: ஞாயிறு மாலை ஐந்து வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை. மின்விசிறி போடமாட்டார்கள், தங்கம் பறக்கும். படத்தைத் தொடாதீர்கள். ஜன்னலோரம் முட்டைக் கிண்ணத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளாகப் பேசமாட்டாள்; நீங்கள் முதலில் ஏதாவது கேளுங்கள்.