நூற்றொன்று அடங்காத பெட்டி

ஆமத்தூர் சங்கிலிமுத்து ஒரு பட்டாசுக் கம்பெனியில் அட்டைப்பெட்டி செய்தார். அங்கே வெடிகளை யாரும் எண்ணி அடைப்பதில்லை. வரிசைகள் நிறைந்துவிட்டால் எண்ணிக்கை சரி. அதற்கேற்றபடி பெட்டியை அளந்து வெட்டுவதுதான் அவர் வேலை.

1961 சீசனுக்கு முன் கல்யாண வீடுகளுக்கென்று ஐம்பத்தொரு ஊசிவெடி கொண்ட பெட்டி போட்டார்கள். வரிசைக்குப் பதினேழாக மூன்று வரிசை, கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்து நூற்றொன்று போடலாமா என்று முதலாளி லட்சுமிகாந்தம் கேட்டார். இதுவும் மொய் எண்தானே, இப்படியே அடங்கிவிடும் என்று சங்கிலிமுத்து வாக்குக் கொடுத்துவிட்டார். லேபிள் அச்சாகி வந்தது. பெட்டிதான் வரவில்லை.

பத்துப் பத்தாக அடுக்கினால் ஒன்று மிஞ்சியது. எப்படி மாற்றினாலும் கடைசி வரிசை மூளியாக நின்றது. ஒன்றைக் குறைத்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மொய்யில அந்த ஒத்த ரூவாயக் கொறைச்சு வைப்பீரா?" என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் பெட்டி வேலை சாத்தூர்க்காரருக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்.

பயப்பட வேண்டிய மனிதருக்கு வேறு கிறுக்குப் பிடித்தது. நூற்றொன்றைப் போலவே இரண்டு பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல இருக்கும் எண்களைப் புளியங்கொட்டையில் அடுக்கிப் பார்த்தார். 111 மூன்று வரிசையில் படிந்தது. 121 சதுரமாகவே உட்கார்ந்தது. 131 மசியவில்லை. 141 அடங்கியது, 151 மறுபடி முரண்டு பிடித்தது. ஒரே ஜாடையில் இருக்கிற எண்களில் சிலதுக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு?

"வேலை போகப்போகுது, நீங்க கொட்டைய அடுக்கிக்கிட்டு இருக்கீக" என்றாள் மனைவி முருகம்மாள்.

அதே கம்பெனியில், மருந்து அடைப்பதற்கு முன் வெற்றுக் காகிதக் குழாய்களை வளையத்துக்குள் நெருக்கி நிறுத்துவது அவள் வேலை. வியாழன் மத்தியானம் அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனவர், வளையத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். குழாய்க்கு நேரே குழாய் இல்லை. இரண்டுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில்தான் அடுத்த வரிசை நின்றது. முப்பத்துநான்கு குழாய்க்குப் பள்ளம் முப்பத்துமூன்று.

மறுநாள் நீளமான பெட்டியோடு போனார். முப்பத்துநான்கு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. முதலாளி சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. சாத்தூர்க்காரர் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் நூற்றைம்பத்தொன்று முடியுமா என்று கேட்டார்.

"ஏழு வரிசை மொதலாளி, இருபத்திரெண்டும் இருபத்தொண்ணுமா மாத்தி மாத்தி. அப்பவே பாத்துட்டேன். எழுநூத்தி இருபத்தேழுதான் நேராவும் வரல, மூலை காலியில்லாம பள்ளத்துல அடுக்கினாலும் வரல."

"அம்புட்டு வெடிய எவன்யா கேட்டான்?"

யாரும் கேட்கவில்லை. சங்கிலிமுத்து அடுக்கிக்கொண்டுதான் இருந்தார்.