நான் விழப் பார்க்கவில்லை

மூன்று வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு என் இடது கால் மெலிந்துபோனது. கைத்தடியோடுதான் நடப்பேன். என்னைவிட இரண்டு வயது இளைய தங்கச்சியை வீட்டில் தனியே வெளியே விடமாட்டார்கள். வகுப்புக்கோ கடைக்கோ, வாப்பா அல்லது எங்கள் அண்ணனான காக்கா கூடப் போவார். என்னைத் தனியே விட்டார்கள். "மூத்தவளப் பத்தி எனக்குப் பயமில்ல" என்று உம்மா ஒருமுறை பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஏன் பயமில்லை என்று நான் கேட்கவில்லை.

கல்முனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு பஸ்ஸால் இறங்கி, கடற்கரைப் பக்கம் போகும் எங்கள் குறுகிய ஒழுங்கையில் நடப்பேன். இரண்டு பக்கமும் மதில்கள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "ஏத்திக்கொண்டு உடட்டா?" என்றார். நாற்பது வயதிருக்கும், சுத்தமான சட்டை. வேண்டாம் என்றேன். அதன் பிறகு பல நாட்கள் வந்தார். என் நடைக்கு மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாது, சரிந்துவிடும். அதனால் இரண்டு கால்களையும் நிலத்தில் ஊன்றி, தள்ளித் தள்ளிப் பக்கத்திலேயே வருவார். ஒன்றும் பேசமாட்டார்.

மூன்றாவது கிழமை ஒருநாள் இறங்கி வந்து என் இடுப்பில் கையைப் போட்டார். தடியை ஓங்கினால் நான் விழுந்துவிடுவேன். அதனால் ஓங்கவில்லை. அருகிலிருந்த ஒரு வீட்டின் தகரக் கேற்றை மற்றக் கையால் அடித்தேன். அந்த வீட்டுப் பெண் திறந்தார். அந்த ஆள் அப்போதும் கையை எடுக்கவில்லை.

"விழப் பாத்தாங்க, புடிச்சன்" என்றார்.

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்லதச் செய்யட்டும் தம்பி" என்றார் அந்தப் பெண்.

வீட்டில் சொன்னேன். "ஒன்னயா?" என்று உம்மா கேட்டார். பிறகு, "ஒதவிக்குப் புடிச்சிரிப்பான் மகள்" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கச்சி மட்டும் நிமிர்ந்தாள்.

"எங்க புடிச்சான் ராத்தா?"

"இடுப்புல."

"விழுற ஆள ஆரு இடுப்புல புடிக்கிற?"

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். ஆண்துணை இல்லாமல் அவள் அந்த ஒழுங்கையில் நடந்தது அன்றுதான் முதல் தடவை. பாதி வழியில் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"கெதியா வாங்க ராத்தா."

"ஏலாது. நீ ஓடு."

அவள் அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். எங்கே போனாலும் எந்த வீட்டுக்குள் ஓடலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டே நடப்பது அவள் பழக்கமாம். அன்று ஓட முடியாத என்னோடு நடந்தபோது அந்தக் கணக்கு உதவவில்லை என்று பின்னர் சொன்னாள். அவள் திரும்பி, ஒழுங்கையின் நடுவில் நின்றாள்.

"ஆரத் தேடுறீங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஒங்கட ராத்தாக்கு ஒதவி..."

"அவங்க விழப் பாக்கல்ல. நீங்கதான் கை வெச்ச."

இரண்டு கேற்றுகள் திறந்தன. அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். திறந்த கேற்றுகளில் ஒன்றில் முந்தைய நாள் கேற்றைத் திறந்த பெண் நின்றார்.

"நான் அவனுக்கு துஆக் கேட்டனே மகள்" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் அன்று மாலையே வந்து உம்மாவிடம் கதைத்தார். நான் சொன்னபோது நம்பாத உம்மா, அவர் சொன்னதும் நம்பினார். அந்த ஆள் பிறகு எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. வேறு ஒழுங்கைக்குப் போனாரா என்று தெரியாது.

அடுத்த நாளிலிருந்து பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காக்கா வந்து நிற்கத் தொடங்கினார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு மெதுவாக நடக்க வராது. நாலைந்து அடி முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார்.