சிவப்பு விளக்கில் மட்டும் வாதம்

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் தாஜ் நிஷாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். கணவன் ஆபீசுக்குப் போனபின் வீட்டோடு கிடந்து, கொத்தமல்லி வாங்கக்கூட சனிக்கிழமைக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். நிஷாவின் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்ற பிறகு அவர்களுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றாயிற்று. அந்தக் காரின் கூரையில் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. வலதுபக்க இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. கற்றுக்கொள்பவர் இடதுபுறம் உட்கார்ந்து ஓட்டுவார். நிஷா வலதுபுறம் உட்கார்ந்து, தன் பிரேக்கின்மேல் காலை வைத்திருப்பாள்.

“நீங்க காலை எடுத்தாத்தான்க்கா எனக்கு தைரியம் வரும்” என்று கெஞ்சியவர்கள் உண்டு.

“லைசென்ஸ் வந்தா தைரியம் தன்னால வரும். அதுவரைக்கும் என் கால் இங்கதான்” என்பாள்.

அவள் பிறந்து வளர்ந்தது சென்னை மண்ணடியில். பூர்வீகம் கீழக்கரை. கணவன் அபுதாஹிருக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்ததால் முதலில் அங்கே காப்பெல் என்ற ஊரில் குடியிருந்தார்கள். அங்கே 2017 மார்ச்சில் அவனுக்குக் குடலிறக்கத்துக்காக ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கிற பட்டியலில் இருந்தது. கத்தி வைத்த டாக்டரும் இருந்தார். மயக்க மருந்து கொடுத்தவர் மட்டும் இல்லையாம். அவருக்கான பில் முழுவதும் இவர்கள் தலையில் விழுந்தது. நிஷா கம்பெனிக்குப் போன் செய்து, “மயங்கப் போற மனுஷன் கட்டில்ல இருந்து எழுந்து, டாக்டர் நீங்க லிஸ்ட்ல இருக்கீங்களான்னு கேட்டிருக்கணுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம், கேட்டிருக்கலாம் என்றது மறுமுனை. அந்தப் பதிலை அவள் மறக்கவே இல்லை.

அந்த நாளில் மருத்துவ இன்சூரன்ஸ் வாங்காதவர்களுக்கு நாடு முழுக்க அபராதம் இருந்தது. 2019 பிறந்ததும் மத்திய அரசின் அபராதம் போயிற்று. அந்த மாதமே நிஷா இன்சூரன்ஸை நிறுத்தினாள். மறுவருடம் அபுதாஹிர் வேலையை விட்டு, நியூ ஜெர்சிக்கு வந்து செல்போன் ரிப்பேர் கடை போட்டான். வரிக் கணக்கு எழுதுகிறவர்தான் விஷயத்தைச் சொன்னார்: நியூ ஜெர்சி தனக்கென்று சொந்தமாக ஒரு அபராதம் வைத்திருக்கிறது.

“டெக்ஸாஸ்ல கேக்கலியே?”

“இது டெக்ஸாஸ் இல்ல மேடம்.”

“உடம்பு அதேதானே சார்?”

ஆனாலும் அவள் வாங்கவில்லை. வருடாவருடம் அபராதத்தைக் கட்டினாள். டிசம்பரில் சென்னைக்குப் போய் பல், கண், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொண்டு, பெட்டியில் ஒரு மூலை மாத்திரையோடு திரும்புவார்கள். ஜூலையில் பல் வலித்தாலும் “டிசம்பர்ல பாத்துக்கலாம்” என்பதுதான் அந்த வீட்டின் வைத்தியம்.

சென்ற ஆண்டு கோடையில் ஸ்ம்ருதி என்ற பெண் கற்றுக்கொள்ள வந்தாள். அண்ணாநகர்ப் பெண். வேலையோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், வருகிற கிளெய்ம்களைச் சரிபார்ப்பது. இது தெரிந்த நாளிலிருந்து காருக்குள் ஓயாத வாதம். ஸ்ம்ருதிக்கு வாய் ஓடினால் ஸ்டீயரிங்கும் கூடவே ஓடும். அதனால் நிஷா ஒரு சட்டம் போட்டாள்: வண்டி ஓடும்போது வாதம் கூடாது, சிவப்பு விளக்கில் மட்டும்தான் பேசலாம்.

“சிவப்பு விழுந்தாச்சு நிஷாக்கா. கேக்கலாமா?”

“கேளு.”

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா எமர்ஜென்சில பாத்துதானே ஆகணும்? நீங்க கட்டலைன்னா அது யார் தலைல விடியும்? எங்களை மாதிரி பிரீமியம் கட்டறவங்க தலைல.”

“நான் இந்த ஊர் ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிச்சதில்ல. க்ரீன். போ.”

அடுத்த விளக்கிலும் சிவப்பு விழுந்தது.

“அப்போ கார் இன்சூரன்ஸ் மட்டும் ஏன் கட்டறீங்க? அதுவும் கட்டாயம்தானே?”

“அது எதிர்ல வர்றவனுக்கு. நான் இடிச்சா அவன் என்ன பண்ணுவான் பாவம்? அதுல கட்டாயம் நியாயம். என் உடம்பு யாரைப் போய் இடிக்கப் போகுது?”

ஸ்ம்ருதி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். விளக்குகள் எல்லாம் தன் கட்சி என்று நிஷா பெருமையாகச் சொல்வாள்.

அந்த இலையுதிர் காலத்தில், அபராதத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. அதைப் பற்றி மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் சட்டசபைக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப் போவதாகச் செய்தி. பிரிட்ஜ்வாட்டரில் ஓட்டல் நடத்தும் பத்மநாபன், சிறு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். அவர் நிஷாவைப் பேசச் சொன்னார். ஒருவருக்கு மூன்று நிமிடம். நிஷா உடனே ஒத்துக்கொண்டாள். பல வருடமாக அடக்கிவைத்ததைச் சொல்ல ஒரு மைக் கிடைக்கிறது. விடுவாளா?

அக்டோபர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, மூடிப்போன ஒரு கடையின் காலி பார்க்கிங்கில் ஸ்ம்ருதிக்கு வண்டியை நிறுத்தப் பழக்கிக்கொண்டிருந்தாள். அங்கே சிவப்பு விளக்கு ஏது? அவள் சட்டப்படி பேச்சே கூடாது. ஆனால் அன்றைக்கு அவளே ஆரம்பித்தாள். எழுதிவைத்த பேச்சைச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“கேளு, ஸ்ம்ருதி. இதுதான் என் முக்கியமான பாயிண்ட். கார் இன்சூரன்ஸ் அடுத்தவனுக்காக, ஆனா என் உடம்பு...”

“அக்கா, அது தப்புக்கா.”

“எது தப்பு?”

“நியூ ஜெர்சில கார் இன்சூரன்ஸ் அடுத்தவனுக்கு மட்டும் இல்ல...”

நிஷா உடம்பு முழுவதையும் அவள் பக்கம் திருப்பினாள். திரும்பியபோது பிரேக்கிலிருந்து கால் நகர்ந்தது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக. ஸ்ம்ருதியும் பேச்சு மும்முரத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். நிஷா இடது கையால் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்தாள். விளக்குக் கம்பத்தைச் சுற்றிய மஞ்சள் சிமெண்ட் மேடையில் சக்கரம் மோதி, ஸ்டீயரிங் வெட்டித் திரும்பியது. மணிக்கட்டில் ‘மளுக்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

யாரோ பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். அது வந்தது. நிஷா ஏற மறுத்தாள். கை வீங்கி வளைந்திருப்பதைக் காட்டி அதில் வந்த இளைஞன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் வரமாட்டேன் என்று வலது கையால் எழுதிக் கொடுத்தாள். வலியில் நெற்றி வேர்த்திருந்தது. மனதுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ஏறினால் எவ்வளவு ஆகும்? ஆம்புலன்ஸ் போய்விட்டது. சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து ஸ்ம்ருதி அழுதுகொண்டிருந்தாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு அபுதாஹிர் ஓடி வந்தான். கையைப் பார்த்தான்.

“ஆம்புலன்ஸை அனுப்பிட்டியாமே தாஜு?”

“தைலம் போட்டுக் கட்டிக்கலாம் மச்சான். டிசம்பர்ல...”

“டிசம்பருக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் கையை ஃப்ரீசர்ல வெச்சுடலாமா?”

ஸ்ம்ருதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்தாள். “அக்கா, நான் சொல்ல வந்ததைக் கேளுங்க. இந்த ஊர்ல கார் பாலிசிக்குள்ளயே நம்ம வைத்தியச் செலவும் இருக்கு. யார் மேல தப்புன்னு பாக்க மாட்டாங்க. நீங்க அதுக்கும் சேர்த்துத்தான் கட்டிட்டு இருக்கீங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“அது எதிர்ல வர்றவனுக்கு” என்றாள் நிஷா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“உங்களுக்கும்தான்க்கா. கட்டாயமா.”

அபுதாஹிர் வானத்தைப் பார்த்தான். “யா அல்லாஹ்! இத்தனை வருஷமா உடம்புக்கு இன்சூரன்ஸ் கட்டிக்கிட்டே, கட்ட மாட்டேன்னு ஊரெல்லாம் சவடால் விட்டிருக்கியே!”

அன்று மாலைக்குள் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கார் பாலிசியின் விவரத்தை வாங்கிக்கொண்டார்கள். பில்லில் கொஞ்சம் இவள் பங்கு இருந்தது. மிச்சத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. எந்த டாக்டர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று யாரும் இவளைக் கேட்கச் சொல்லவில்லை.

கை வலித்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ட்ரெண்டனில் பேசுவதற்கு அவளிடம் பேச்சு இல்லாமல் போயிற்று. அந்தப் பேச்சே ஒரு கேள்வியின்மேல்தான் நின்றது. என் உடம்பு யாரை இடிக்கப் போகிறது? இடித்தது. காப்பாற்றியதும் கார் இன்சூரன்ஸ் என்ற ஒரு கட்டாயம்தான். அதற்காக, காப்பெலில் நடந்தது நடக்காததாகிவிடுமா? அபராதம் நியாயம் என்று ஆகிவிடுமா? பேசாமல் இருந்துவிடலாம். கை உடைந்தவளை யாரும் குறை சொல்லப் போவதில்லை. அப்படி இருந்துவிட்டால், அந்தப் போன் மறுமுனைக்குப் பதில் சொல்லாமலே போனதாகும்.

பத்மநாபன் பழத்தோடு பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

“நிஷா மேடம், முடியலைன்னா வர வேண்டாம். வந்தா பழைய பேச்சையே பேசுங்கோ. கையை ஷால்ல மூடிக்கலாம். இந்தக் கார் இன்சூரன்ஸ் கதையெல்லாம் அங்க எதுக்கு?”

“நடந்ததை மறைச்சுட்டுப் பேசறதுக்கு மூணு நிமிஷம் ரொம்ப ஜாஸ்தி சார்.”

“நான் விளையாட்டுக்குச் சொல்லலை. எங்க கிச்சன்ல தோசை போடறவர் வாடகை கட்டுவாரா, இதைக் கட்டுவாரா? ரெண்டும் முடியலைன்னா அவருக்கு அபராதம் வேற. இது என்ன நியாயம் சொல்லுங்கோ.”

“நியாயமே இல்ல. அதையும் சொல்லுவேன்.”

“அப்போ நீங்க எந்தப் பக்கம்?”

“வலதுபக்க சீட்டு சார். எப்பவும் அங்கதான்.”

பத்மநாபனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நவம்பரில் ட்ரெண்டனுக்குப் போனார்கள். மைக்குக்கு முன்னால் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் தெரியும்படி வைத்துக்கொண்டு நிஷா பேசினாள். பிறகு சிலர் சொன்னதுபோல அவள் கட்சி மாறிப் பேசவில்லை. வேறு சிலர் சொன்னதுபோல அழவும் இல்லை. தன் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தான் இன்சூரன்ஸ் வாங்காதவள் என்றாள். மயக்க மருந்துக் கதையைச் சொன்னாள். தோசை போடுகிறவரின் வாடகையைச் சொன்னாள். அடுத்து பார்க்கிங்கில் நடந்ததை, தன் கால் நகர்ந்ததை, ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியதை ஒன்றும் விடாமல் சொன்னாள். எலும்பு உடைந்து கிடக்கும்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அதைச் சுதந்திரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை என்றாள்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “அப்படியானால் நீங்கள் மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா?”

“என் காரில் இரண்டாவது பிரேக் இருக்கிறது” என்றாள் நிஷா. “ஓட்டுகிறவளுக்கு அது பிடிக்காது. ஆனாலும் வைத்திருக்கிறேன். ஏனென்றால், அவசரத்தில் நான் அழுத்தினால் வண்டி நிற்கும். நிற்காத பிரேக்கை வைத்துக்கொண்டு காசு வாங்கினால் என் லைசென்ஸைப் பிடுங்குவீர்கள். நான் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால், அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அதே சட்டத்தில் போடுங்கள். அது முடியாதென்றால் என் அபராதத்தை எடுத்துவிடுங்கள். கட்டாயம் என் பக்கம் மட்டும் இருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.”

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. தலைவர் நன்றி சொன்னார். அவர் என்ன குறித்துக்கொண்டார் என்பது தெரியாது. மசோதா மேலே நகரவும் இல்லை, விழவும் இல்லை. தாழ்வாரத்தில் பத்மநாபன் எதிரில் வந்து நின்றார்.

“எங்க ஆளைப் பத்திச் சொன்னதுக்குத் தேங்க்ஸ். மத்ததுக்கெல்லாம் நான் கோபமாத்தான் இருக்கேன்.”

“இருங்க சார். ஓட்டலுக்கு வந்தா காபி குடுப்பீங்கல்ல?”

“காசு வாங்கிண்டுதான்.”

திரும்பும்போது ஸ்ம்ருதி ஓட்டினாள். அவள் கேட்டு வாங்கிய தண்டனை அது. அபுதாஹிர் பின்னால் உட்கார்ந்து, உரக்க துவா ஓதிக்கொண்டு வந்தான். நிஷா தன் இடத்தில் இருந்தாள். கையில்தான் கட்டு இருந்தது, பிரேக் காலில்தானே இருக்கிறது.

பிஸ்கட்டவேக்குள் நுழைகிற இடத்தில் சிவப்பு விழுந்தது. ஸ்ம்ருதி வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்திவிட்டு, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

“அக்கா, இந்த வருஷம் வாங்கப் போறீங்களா, இல்ல அபராதமா?”

“ஜனவரி கடைசி வரைக்கும் டைம் இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. எனக்கு ஒத்துவர்ற பாலிசியெல்லாம் எடுத்துட்டு வா. வரி வரியாப் படிச்சுக் காட்டணும். எங்கெல்லாம் குடுக்க மாட்டாங்கன்னு முதல்ல சொல்லணும். மயக்க மருந்து டாக்டர்லேர்ந்து ஆரம்பி. அது சரியா இருந்தா வாங்கறேன். அவங்க மிரட்டறதுக்காக இல்ல.”

“சரியா இல்லைன்னா?”

“அடுத்ததைப் படிப்ப. ஒண்ணு சரியா வர்ற வரைக்கும் உனக்கு பிரியாணி, எனக்குப் பாடம்.”

“மச்சானுக்கு?” என்றது பின்சீட்டு.

“மச்சானுக்குப் பாத்திரம் கழுவற வேலை. எனக்குத்தான் கை இல்லியே.”

ஸ்ம்ருதி சிரித்தபடி அவள் பக்கம் திரும்பப் பார்த்தாள்.

“இங்க என்ன பாக்கற? க்ரீன் விழுந்துடுச்சு. ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றாள் நிஷா. அவள் கால் பிரேக்கின்மேல் இருந்தது.