சத்தம் போடும் டயர் கேட்ட ரோசலின்

காலைத் தேநீர் கையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. ஹெந்தளையிலிருந்து ரோசலினின் தங்கை மகள். "அங்கிள், பெரியம்மா விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலேயே." நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "சைக்கிள் எங்க நிக்குது?" என்று கேட்டேன். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "ஹோலுக்குள்ளதான் நிக்குது அங்கிள். நேற்றும் காத்தடிச்சவ."

கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் எங்களோடு இருந்த உங்களுக்குத் தெரியும், அந்தச் சைக்கிளை விட்டு ரோசலினைப் பற்றிக் கதைக்க முடியாது. யுத்த காலம். எங்களோடு சில காலம் வேலை செய்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது தன் மவுண்டன் பைக்கை விட்டுப் போனார். ஆண்கள் நாங்கள் எனக்கா உனக்கா என்று நிற்க, ரோசலின் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். "மலையே இல்லாத கொழும்பில உங்களுக்கு மலைச் சைக்கிள் என்னத்துக்கு?" என்றேன். "எங்கட ஒழுங்கை மணலுக்க உங்கட சைக்கிளை ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ, பிறகு கதையுங்கோ" என்றார்.

அவருக்கு அது விளையாட்டல்ல. பாரிசவாதத்தில் படுத்திருந்த அம்மா, மகள் கையால் ஊட்டினால்தான் வாய் திறப்பார். பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஞானம் அன்ரி பொழுதுபடத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். வீடு போகும் வழியில் ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால், மற்றவர்கள் போன பிறகும் நிற்க வேண்டும். சைக்கிளில் வரும் ரோசலின் மட்டும் அங்கிருந்த சிப்பாய்க்குப் பழகிவிட்டார். "யன்ன அக்கே", போங்கள் அக்கா என்று கையைக் காட்டி விட்டுவிடுவான்.

சைக்கிளின் பழைய டயர்கள் பெரிய ரப்பர்க் கட்டைகள் புடைத்தவை. அவை தேய்ந்துபோக, ஒரு மழை நாளில் ரோசலின் தண்டவாளத்தில் வழுக்கி விழுந்தார். புதுச் சோடி தெரிவுசெய்யும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். தார், மணல், ஈரம் மூன்றுக்கும் ஒரே டயர் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து தினமும் மிதித்து வருகிறவன், எனக்குத் தெரியாததா? பஞ்சிகாவத்தை டயர்க்கடை நானாவும், முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் கூப்பிடுவோம், என் பக்கம். "நடுவுல வழுவழுப்பா ஈக்கி, ஓரத்துல மட்டும் கட்டை. தார்ல பறக்கும், மணல்ல புடிக்கும்" என்றார். மறுநாளே ரோசலின், "பஸ்ஸை முந்திட்டன்!" என்று வந்து நின்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மேகம் மூடிய ஒரு மப்பு மாலை வந்தது. கட்டை டயர் தாரில் ஓடும்போது ஒரு முழக்கம் வரும். சிப்பாய் அவரை அடையாளம் கண்டதே அந்த முழக்கத்தால்தான். புது டயரில் சத்தமே இல்லை. மங்கலுக்குள் திடீரென்று பக்கத்தில் முளைத்த உருவத்தைக் கண்டு அவன் துவக்கை நீட்டிவிட்டான். ரோசலின் கைகளைத் தூக்கினார், சைக்கிளோடு விழுந்தார். விசாரித்து விடுவதற்குள் இருட்டிவிட்டது. அம்மா அன்று பட்டினியாகவே உறங்கிப்போனார்.

அடுத்த நாள் முழங்கையில் பிளாஸ்டரோடு வந்தார். "நல்ல டயர்தான் ராசன். ஆனா சரியான ஊமை." நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவரோ, "அந்தப் பொடியன் என்னைவிட நடுங்கினவன், பாவம்" என்றார்.

மறுபடியும் பஞ்சிகாவத்தை. "சத்தம் போடுற டயர் வேணும் நானா" என்றார் ரோசலின்.

நானா என்னைப் பார்த்தார். "சத்தமில்லாத டயர் கேட்டுத்தானே எல்லாரும் வார. மிஸ்ஸுக்கு என்னா நடந்த?"

"மணியை அடிச்சுக்கொண்டு போகலாமே" என்றேன்.

"துவக்கோட நிக்கிறவனுக்குப் பக்கத்தில போய் டிங் எண்டு அடிக்கவோ? உங்களுக்கென்ன விசரோ? தூரத்திலயே கேக்க வேணும். மெல்ல மெல்லக் கிட்ட வர வேணும்" என்று சீறினார் ரோசலின்.

நானா ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தார். ரோசலின் தெருமுனையிலிருந்து ஓட்டிவர, நான் கண்ணை மூடிக்கொண்டு சிப்பாயாக நின்றேன். சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். கடைத்தெருவே கூடிநின்று சிரித்தது. கடைசியில் ஒரு சோடி அகப்பட்டது. நடுவிலும் ஓரத்திலும் சின்னக் கட்டைகள் நெருக்கமாக இருந்தன. தாரில் கொஞ்சம் இழுக்கும், மணலில் பரவாயில்லை, மழைக்கு நம்பலாம், வண்டு போல முரலும். "எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம்தான் ஆகும்" என்று இழுத்தார் நானா. "அது காணும், போதும். நானும் அப்பிடித்தானே" என்றார் ரோசலின்.

அன்று மாலை சிப்பாய் தூரத்திலேயே கையை ஆட்டினானாம். ஞானம் அன்ரி இன்னொன்றும் சொன்னாராம்: "ரோட்டில உன்ர சத்தம் கேட்டவுடன அம்மா வாயைத் திறந்துபோட்டா, குருவிக் குஞ்சு மாதிரி! சத்தமில்லாம நீ வந்த நாளெல்லாம் அசையவே இல்லை." அதைச் சொல்லும்போது ரோசலின் அழுதார். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பிறகு நானும் அதே வகை டயருக்கு மாறினேன், இன்றைக்கும் அதுதான். அவரது செத்தவீட்டுக்கும் அதில்தான் போனேன். பாலத்தில் இப்போது மறிப்பவர் இல்லை. அந்த ஒழுங்கைக்கும் தார் போட்டுவிட்டார்கள். நான் அதற்குள் திரும்பியதும், பந்தலுக்குள் இருந்த ஞானம் அன்ரி, பார்வை மங்கிய கண்ணோடு தலையை நிமிர்த்தினார். "பிள்ளையள், வழியை விடுங்கோ. ரோசலின் வாறா."

சனம் வழி விட்டது. நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "நான் ராசன், அன்ரி."

அவர் என் கையை விடவில்லை. பிறகு மெல்லச் சிரித்து, "டயரை மாத்திப்போடாதேங்கோ ராசன்" என்றார்.

மாற்ற மாட்டேன்.