ஹேங்கர் எதுக்கு?

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு 'எதுக்கு அக்கா' என்று பெயர். துணி மாட்டும் கம்பி ஹேங்கர்கள் அவள் பொறுப்பு. ஒன்று கேட்டால் உடனே தரமாட்டாள், "எதுக்கு?" என்பாள். கோட்டு மாட்ட என்றால் கோட்டைக் காட்ட வேண்டும். முதலாளியே ஒருமுறை காட்டியிருக்கிறார். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இவ்வளவு கேள்வி கிடையாது என்று இஸ்திரி போடும் பெண்கள் சிரிப்பார்கள்.

கேட்காமல் கொடுத்த நாள் ஒன்று உண்டு. வாங்கியவர் அவளுடைய அண்ணன், அங்கே பாய்லர் பார்த்தவர். நீராவி அளவு மீறினால் திறந்து வெளியேற்ற பாய்லரில் ஒரு வால்வு இருக்கும். அது பழசு, நினைத்தபோதெல்லாம் சீறித் திறந்துகொள்ளும். இஸ்திரி மெஷின்கள் ஆறிப்போகும், படுக்கை விரிப்புகள் குவியும், முதலாளியின் வாய் பாய்லரைவிடச் சூடாகும். அண்ணன் ஹேங்கரை நிமிர்த்தி, அந்தக் கம்பியால் வால்வை இறுக்கிக் கட்டினார். அன்று எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போனார்கள். அண்ணனுக்கு ஏகப்பட்ட பாராட்டு.

அடுத்த மாதம் பாய்லர் வெடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரத்துணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் செங்கல்லுக்கு அடியில் செத்துக் கிடந்தான். விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன், பாய்லர் பழசு சார் என்றார். பொய் இல்லை. கம்பி சிதறலோடு போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணன் பக்திமானானார். எடுத்த எடுப்பிலேயே நரகத்தை இழுத்துப் பூட்டிவிட்டார். கடைசியில் கர்த்தர் எல்லோரையும் சேர்த்துக்கொள்வார், ஒருத்தர்கூட விடுபட மாட்டார்கள் என்று ஜெபக்கூட்டம்தோறும் கண்ணீரோடு சொன்னார். சபையில் சிலருக்கு இதில் வருத்தம். யார் யார் வேக வேண்டுமென்று ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தவர்கள். அதே சபைக்குப் போகிற எனக்கு அண்ணன் கட்சிதான் பிடிக்கும். அன்பே உருவானவர் அப்படியொரு அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்வார் என்பதை நம்ப முடிந்ததில்லை. என்ன, இவ்வளவு பெரிய மன்னிப்பைத் தான் எதற்காக வாங்கிக்கொண்டோம் என்பதை மட்டும் அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை சொன்னாள். ஒரு ஞாயிறு, சபையில் அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து, வால்வைக் கட்ட ஹேங்கர் எடுத்துக் கொடுத்தது தான்தான் என்றாள். கட்டியவர் யாரென்று சொல்லவில்லை. அவரே சொல்லட்டும் என்று நின்றாள். அண்ணன் எழுந்தார்.

"புருஷன் போன துக்கத்துல பாவம் என்னென்னமோ பேசுது. என் தங்கச்சிக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

உருக்கமாகவே பண்ணினார்கள். அவள் செய்த பாவத்தையும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பைத்தியப் பட்டம் கட்டி உட்காரவைத்தார்கள்.

அண்ணன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருமென்று அவள் வருடக்கணக்காகக் காத்திருந்தாள். ஈரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனதும் அவள்தான்.

"எனக்குப் பயமே இல்லம்மா," என்றார் ஒருநாள். "போனதும் மாப்பிள்ளையப் பார்த்துடுவேன். எல்லாத்தையும் கர்த்தர் மன்னிச்சுட்டார்."

"எதுக்கு?"

"என்ன எதுக்கு?"

"எதுக்கு மன்னிச்சார்? அதைச் சொல்லிட்டுப் போண்ணா."

அண்ணன் தலைக்குமேல் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். மருந்து சரியாக இறங்கவில்லை, நர்ஸைக் கூப்பிடு என்றார். கூப்பிட்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சரியாகத்தான் இறங்குகிறது என்றாள்.

அடக்க ஆராதனையில் போதகர், நம் சகோதரர் பரலோகம் சேர்ந்துவிட்டார் என்றார். அவளுக்கும் அதில் சந்தேகமில்லை. அதுதான் கசக்கிறது. கர்த்தர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகலாம். 'நான்தான் கட்டினேன்' என்பதை அவருக்காகக் கர்த்தராலும் சொல்ல முடியாது. இப்போது அண்ணன் அவள் புருஷன் பக்கத்தில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவளும் போய் எதிரில் உட்கார வேண்டும், நித்திய காலத்துக்கும்.

போன வாரம் புது பாய்லர்காரர் ஹேங்கர் கேட்டார். எதுக்கு என்றாள். சாக்கடை அடைத்துக்கொண்டது என்றார். ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். அடைப்பு எடுத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று, நாறுகிற கம்பியைத் திரும்ப வாங்கிக் கழுவி, பழையபடி ஹேங்கராக வளைத்து, இருந்த இடத்தில் மாட்டினாள்.